கோரல் டிராவிலிருந்து ஆட்டோகேடுக்கு: கோடு போகும், அளவு போகுமா?

வாசகர் கேள்வி, ஜூன் 3

அண்ணா, நான் ஃபிளெக்ஸ், ஸ்டிக்கர் வேலை பார்ப்பவன். கோரல் டிரா மட்டும்தான் தெரியும். இப்போது லேசர் கட்டிங் ஆர்டர்கள் வருகின்றன. பூஜை அறைக் கதவுக்கு சிக்குக் கோலம், 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஷீட். கட்டிங் கடையில் டிஎக்ஸ்எஃப் கேட்கிறார்கள். எக்ஸ்போர்ட் பண்ணி அனுப்பினால் ஒரு முறை அளவு மாறிவிட்டது என்கிறார்கள், அடுத்த முறை கோட்டுக்குத் தடிமனே இல்லை என்கிறார்கள். எந்த ஃபார்மட்டில் அனுப்பினால் எல்லாம் அப்படியே போகும்? ஆட்டோகேட் கற்றுக்கொண்டே ஆக வேண்டுமா?

ஜூன் 3, இரவு

எல்லாம் அப்படியே போகும் ஃபார்மட் என்று ஒன்று கிடையாது தம்பி. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

கோரல், இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் மூன்றும் தாளில் அச்சாகப் போகும் படத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. கோட்டுக்குத் தடிமன், நிறம், நிரப்பல், எது மேலே எது கீழே என்ற அடுக்கு, இவைதான் அவற்றுக்கு முக்கியம். பொறியியல் வரைபடத்துக்கான ஆட்டோகேடுக்குக் கோடு என்றால் இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளி வரை, அவ்வளவுதான். 1982-இல் ஆட்டோகேட் முதல் பதிப்போடு வந்தது டிஎக்ஸ்எஃப். வரைபடத் தகவலை வேறு மென்பொருள்களும் படிக்கட்டும் என்று எழுதிய உரைக்கோப்பு. அதில் உங்கள் கோரல் பேனாவின் 6 மி.மீ. தடிமனுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது. கட்டிங் கடைக்காரர் திறந்து பார்க்கும்போது நடுக்கோடு மட்டும் இருக்கிறது. அதை அப்படியே வெட்டினால் ஷீட் துண்டு துண்டாக விழும். நல்லவேளை, உங்களைக் கேட்டிருக்கிறார்.

அனுப்பும் முன் கோரலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், கியூ அழுத்துங்கள். தடித்த கோடு இருபுறமும் எல்லைக்கோடு உள்ள உருவமாக மாறும். அதன் பிறகு எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து வெல்டு, அதாவது ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் உருவங்களை ஒன்றாக்கும் கட்டளை. வெல்டு செய்யாமல் அனுப்பினால் கோலத்தில் கோடுகள் குறுக்கே போகும் ஒவ்வொரு இடத்திலும் நான்கு வெட்டு விழும்.

அளவு மாறிய கதையை நாளை எழுதுகிறேன்.

ஜூன் 4

அளவு. கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், பயப்பட ஒன்றுமில்லை. டிஎக்ஸ்எஃப் முழுக்க இரண்டிரண்டு வரிகள்தான். மேல் வரியில் ஒரு குறியீட்டு எண், கீழ் வரியில் அதற்கான மதிப்பு. தொடக்கப் பகுதியில் டாலர் குறியோடு இன்ஸ்யூனிட்ஸ் என்று ஒரு பெயர் இருக்கும். அதற்கு அடுத்த வரி 70, அதற்கும் அடுத்த வரியில் ஒற்றை எண். 1 என்றால் அங்குலம், 4 என்றால் மில்லிமீட்டர், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர். 0 என்றால் அலகே சொல்லப்படவில்லை.

படத்தில் இருப்பதெல்லாம் வெறும் எண்கள். 900 என்று எழுதியிருந்தால் அது 900 மி.மீட்டரா 900 அங்குலமா என்பதை அந்த ஒற்றை எண்தான் தீர்மானிக்கிறது. படிக்கும் மென்பொருள் அதைப் பார்க்காமல் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொண்டால் 25.4 மடங்கு கூடும் அல்லது குறையும். கோரலின் எக்ஸ்போர்ட் பெட்டியில் அலகு கேட்கும், மில்லிமீட்டர் கொடுங்கள். இம்போர்ட் செய்யும்போதும் ஓர் அலகை அங்குலமாக எடுப்பதா மி.மீட்டராக எடுப்பதா என்று கேட்கும். தானாகத் தீர்மானிக்கட்டும் என்று விடாதீர்கள்.

ஜூன் 4, சற்று நேரம் கழித்து

ஒருவர் கீழே எழுதியிருக்கிறார்: “ஆர்12 டிஎக்ஸ்எஃப் கொடுத்தால் எந்த மெஷினும் படிக்கும், எதற்கு இவ்வளவு பேச்சு?”

அவர் சொல்வதில் பாதி சரி. ஆர்12 என்பது ஆட்டோகேடின் 12-ஆம் வெளியீடு, 1992-இல் வந்தது. வெட்டும் மெஷினை ஓட்டும் பழைய சிஎன்சி மென்பொருள்கள் பலவும் அதைச் சண்டை போடாமல் திறக்கும். ஆனால் இன்ஸ்யூனிட்ஸ் ஆட்டோகேட் 2000-இல்தான் வந்தது. ஆர்12 கோப்பில் அந்த வரியே இருக்காது. ஆக, மிகவும் பத்திரம் என்று எல்லோரும் சொல்கிற பதிப்பில்தான் அலகு எழுதப்படுவதே இல்லை. அளவு மாறிவிட்டது என்று வரும் புகார்களில் நிறைய இங்கேதான் பிறக்கின்றன.

அதற்காக ஆர்12-ஐ ஒதுக்க வேண்டாம். ஒரு மூலையில் 100 மி.மீ. சதுரம் ஒன்றைத் தனி லேயரில் போட்டு, “இதை அளந்து பாருங்கள், வெட்ட வேண்டாம்” என்று சொல்லி அனுப்புங்கள். ஸ்க்ரீன்ஷாட்டைவிட, தொலைபேசியில் விளக்குவதைவிட இந்தச் சதுரம் பேசும்.

ஜூன் 5

சதுரத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். அளவு தவறினால் எங்கே தவறியது என்பதையும் அதுவே காட்டிக்கொடுக்கும். மறுமுனையில் அளந்தவர் சொல்லும் எண்ணைக் கேளுங்கள்.

2540 என்றால் மி.மீட்டராகப் போக வேண்டியது அங்குலமாகப் போயிருக்கிறது. 3.94 என்றால் அதற்கு நேர் எதிர். 283.46 என்றால் நடுவில் அச்சுத்துறையின் பாயின்ட் கணக்கு நுழைந்திருக்கிறது. ஒரு மி.மீ. என்பது 2.8346 பாயின்ட், அதைத்தான் யாரோ மி.மீ. என்று படித்திருக்கிறார்கள். இல்லஸ்ட்ரேட்டரிலிருந்து டிஎக்ஸ்எஃப் எடுக்கும்போது ஸ்கேலைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வருவது இது. 75 என்றால் எஸ்விஜி (இணையத்தில் புழங்கும் கோட்டுப்பட ஃபார்மட்) வழியாக வந்த கோப்பு. இல்லஸ்ட்ரேட்டர் அங்குலத்துக்கு 72 பிக்ஸல் என்று எழுதுகிறது, திறந்த மென்பொருள் 96 என்று படித்திருக்கிறது. 93.75 என்று ஒரு விசித்திரமான எண் வந்தால் பழைய இங்க்ஸ்கேப். 0.92 பதிப்பு வரும்வரை அது 90 என்று கணக்குப் போட்டது, 2017-இல்தான் 96-க்கு மாறியது. அதற்கு முன்பு செய்து வைத்த எஸ்விஜி கோப்புகள் இன்னும் கடைகளில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

இந்த எண்களைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கலாம். என் மேஜைக்கு எதிரே இருக்கிறது.

ஜூன் 7

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். கேள்வியில் சிக்குக் கோலம் என்று பார்த்ததும் இதைத்தான் எழுத நினைத்தேன், இடையில் அலகு வந்து இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சிக்குக் கோலத்தை உற்றுப் பாருங்கள். புள்ளியைச் சுற்றி வளைவு, புள்ளிகளுக்கு நடுவே சாய்ந்த நேர்க்கோடு, மறுபடியும் வளைவு. பெரும்பாலும் எல்லாமே வட்டத்தின் பகுதிகளும் நேர்க்கோடுகளும்தான். ஆனால் கோரலின் கர்வுக்குள் வட்டத்துண்டு என்று ஒன்று கிடையாது. கர்வ் ஆக்கியதும் எல்லாம் பெசியே வளைவாக, அதாவது சில புள்ளிகள் இழுத்து வளைக்கும் கோடாக, மாறிவிடும். நான்கு பெசியே துண்டுகளால் செய்த வட்டம் உண்மையான வட்டத்திலிருந்து ஆரத்தில் 0.027 சதவீதம்தான் விலகும். 10 மி.மீ. ஆரத்துக்கு அது ஒன்றுமே இல்லை. 500 மி.மீ. ஆரத்துக்குக்கூட 0.14 மி.மீ.தான். அதனால் வடிவம் கெடுகிறது என்று நான் சொல்லவில்லை. கெடுவது அடுத்த படியில்.

அந்தப் பெசியே டிஎக்ஸ்எஃப்பாக மாறும்போது இரண்டில் ஒன்று நடக்கும். புதிய பதிப்பு என்றால் ஸ்ப்லைன் என்ற வழவழப்பான வளைகோடு ஆகும். ஆர்12 என்றால் ஸ்ப்லைன் என்ற பொருளே அதில் இல்லை, அது ஆர்13-இல்தான் வந்தது. அதனால் குட்டிக் குட்டி நேர்க்கோடுகளாக நொறுங்கும். 200 மி.மீ. ஆரமுள்ள வட்டத்தை 36 துண்டாக நொறுக்கினால் ஒவ்வொரு துண்டின் நடுவிலும் முக்கால் மி.மீ. உள்வாங்கும். வெட்டிய விளிம்பில் விரலை ஓட்டினால் பக்கங்கள் தட்டுப்படும், பாலிஷ் போட்டதும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும். 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டுமென்றால் அதே வட்டத்துக்குச் சுமார் 140 துண்டு வேண்டும். கோலத்தில் எத்தனை வளைவு, எத்தனை ஆயிரம் துண்டு, கணக்குப் போட்டுப் பாருங்கள். மெஷின் ஒவ்வொரு மூலையிலும் வேகத்தைக் குறைத்து ஏற்றும், அங்கே அங்கே சூட்டுத் தடம் விழும்.

இதே கோலத்தை ஆட்டோகேடில் வட்டத்துண்டாகவே வரைந்தால், பாலிலைனில், அதாவது தொடர்ந்து ஒட்டிய ஒரே கோட்டில், ஒவ்வொரு வளைவுக்கும் ஓர் எண் போதும். பல்ஜ் என்பார்கள், வளைவின் கோணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு டேன்ஜென்ட். அரைவட்டம் என்றால் 1, கால்வட்டம் என்றால் 0.4142, ஓரத்துப் புள்ளியைச் சுற்றித் திரும்பும் முக்கால் வட்டம் என்றால் 2.4142. ஆர்12-லும் இது உண்டு. இரண்டு புள்ளி, ஓர் எண், வளைவு முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும்.

தடிமனுக்கு நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் 3 மி.மீ. தள்ளி இணைகோடு போடும் ஆஃப்செட் கொடுங்கள். வட்டத்துண்டை ஆஃப்செட் செய்தால் வட்டத்துண்டுதான் வரும். குறுக்கே போகும் இடங்களை ட்ரிம் செய்து நறுக்கிவிடுங்கள். அவ்வளவுதான். முதல் நாள் சொன்ன கன்ட்ரோல், ஷிஃப்ட், கியூ வழியில் வெட்டினாலும் வேலை ஓடும். ஆனால் இப்படி வரைந்த கோலத்தையும் அப்படி வந்த கோலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்கள் திரும்பிப் போக மாட்டார்கள்.

ஜூன் 7, இரவு

மறந்தே போனேன். கோலத்தின் புள்ளிகள்! கோடு உலோகமாக நிற்க வேண்டும், மற்ற இடம் வெட்டுப்பட வேண்டும் என்றால், கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் இடங்களில் சேர்ந்து முழுக் கோலமும் ஒரே துண்டாக நிற்கும். புள்ளிகள் மட்டும் எதிலும் ஒட்டாமல் நிற்பவை, அத்தனையும் உதிர்ந்துவிடும். பின்னால் ஒரு ஷீட் கொடுத்து அதில் பற்றவைப்பதா, புள்ளியை விட்டுவிடுவதா என்று வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கேளுங்கள். எந்த ஃபார்மட்டும் இதைச் சொல்லித்தராது.

ஜூன் 9

தமிழ் எழுத்து பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். வீட்டுப் பெயர்ப் பலகை.

எழுத்தை எழுத்தாக அனுப்பவே அனுப்பாதீர்கள். டிஎக்ஸ்எஃப் ஆட்டோகேட் 2007-இலிருந்துதான் யூடிஎஃப்-8, அதாவது எல்லா மொழி எழுத்தையும் நேராக எழுதும் முறை. அதற்கு முந்தைய பதிப்பாக எழுதினால் ‘அ’ என்ற ஓர் எழுத்து, பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் ஏழு குறிகளாகப் போகும். புதிய பதிப்பாக எழுதினாலும் மறுமுனையில் தமிழைச் சேர்த்தெழுதத் தெரியாத மென்பொருள் இருந்தால் ‘கொ’வில் கொம்பு இடம் மாறி நிற்கும், ‘ஸ்ரீ’ பிரிந்துவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தது என்றால், எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும்.

கோரலில் கன்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ. கர்வ் ஆக்கிவிடுங்கள். எழுத்தாக இருக்கும் மூலக் கோப்பைத் தனியே வைத்துக்கொள்ளுங்கள். கர்வ் ஆன பிறகு பெயரில் ஒற்று விட்டுப்போனது தெரிந்தால் வேறு வழி கிடையாது.

இதோடு முடியவில்லை. பழைய எழுத்துருக்களில் ‘கி’ என்பது க, அதன் மேல் தனியே வந்து உட்காரும் விசிறி (இகரக் குறி) என்று இரண்டு துண்டு. திரையில் கருப்பாக நிரப்பியிருப்பதால் ஒன்றாகத் தெரியும். கர்வ் ஆக்கிய பிறகும் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகவே கிடக்கும், லேசர் இரண்டின் எல்லையையும் வெட்டும், இணைப்பு அறுந்துபோகும். நிரப்பலை எடுத்துவிட்டு வெறும் கோடாகப் பாருங்கள், எங்கே மேலேறி நிற்கிறது என்று அப்போதுதான் தெரியும். அங்கெல்லாம் வெல்டு.

எழுத்தையே ஓட்டையாக வெட்டும் வேலை என்றால் அ, க, த போன்றவற்றின் உள்வட்டம் கழன்று விழும், 2 மி.மீ. பாலம் விட வேண்டும். பாலத்தை எழுத்தின் மேல்பக்கம் கொடுப்பதைவிடப் பக்கவாட்டில், வளைவு திரும்பும் இடத்தில் கொடுத்தால் கண்ணை உறுத்தாது.

ஜூன் 10

“கோப்பைத் திறந்தால் காலியாக இருக்கிறது” என்று ஒரு கட்டடக்கலை மாணவி எழுதியிருக்கிறார். ஆட்டோகேடிலிருந்து இல்லஸ்ட்ரேட்டருக்கு, அதாவது எதிர்த்திசை.

காலியாக இல்லையம்மா. ஆட்டோகேடில் நிறம் 7 என்பது கருப்புத் திரையில் வெள்ளையாகவும் வெள்ளைத் தாளில் கருப்பாகவும் காட்டும் நிறம். வேறு மென்பொருளுக்குப் போகும்போது சில வேளை அது நிஜமான வெள்ளையாகிவிடும். வெள்ளைத் தாளில் வெள்ளைக் கோடு. கன்ட்ரோல் ஒய் அழுத்தி அவுட்லைன் காட்சிக்குப் போங்கள், எல்லாம் அங்கே இருக்கும்.

இந்தத் திசைக்கு டிஎக்ஸ்எஃப், ஆட்டோகேடின் சொந்தக் கோப்பான டிடபிள்யூஜி எதுவும் வேண்டாம் என்பது என் எண்ணம். பிடிஎஃப்பாக பிளாட் (அச்சுக்கு அனுப்பும் கட்டளை) செய்யுங்கள், மோனோக்ரோம் பிளாட் ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் எல்லாக் கோடும் கருப்பு, தடிமனும் நீங்கள் கொடுத்தபடியே வரும். ஸ்கேலை அப்போதே முடிவு செய்யுங்கள். இல்லஸ்ட்ரேட்டரின் வழக்கமான ஆர்ட்போர்டு 227.5 அங்குலம், அதாவது ஏறக்குறைய 5.78 மீட்டர். 30 மீட்டர் முகப்பை நிஜ அளவில் உள்ளே திணிக்க முடியாது. 2020-க்குப் பிறகு பத்து மடங்கு பெரிய கேன்வாஸ் இருக்கிறது, ஆனாலும் 1:10 அல்லது 1:50 என்று முடிவு செய்து அதை லேயர் பெயரிலேயே எழுதி வைப்பதுதான் நிம்மதி.

ஹேட்ச், அதாவது கோட்டு நிரப்பல், போட்ட வரைபடம் என்றால் ஹேட்ச் லேயரை அணைத்துவிட்டு பிளாட் செய்யுங்கள். செங்கல், மணல், புல் என்று ஒவ்வொன்றும் பல்லாயிரம் குட்டிக் கோடாக வந்து இறங்கும். இல்லஸ்ட்ரேட்டரில் நிரப்புவது அதைவிட லேசு.

ஜூன் 10, பின்குறிப்பு

சர்வே வரைபடத்தோடு வந்தவருக்கு: உங்கள் படம் நெளிந்து தெரிவதற்குக் காரணம் ஆயத்தொலைகள். சர்வேயில் புழங்கும் யூடிஎம் ஆயத்தொலை முறையில் சென்னைப் பக்கம் வடக்கு அளவு 14 லட்சம் மீட்டருக்கு மேல். உள்ளே 32 பிட் எண்ணாக வைக்கும் மென்பொருளில் அவ்வளவு பெரிய எண்ணுக்கு அடுத்தடுத்த இரண்டு மதிப்புகளுக்கு நடுவே 0.125 மீட்டர் இடைவெளி. பன்னிரண்டரை சென்டிமீட்டருக்குக் கீழே எதுவும் நிற்காது. ஒரு நகல் எடுத்து, மூவ் கொடுத்து, முழுப் படத்தையும் சுழியத்துக்கு அருகே கொண்டுவந்த பிறகு அனுப்புங்கள். எவ்வளவு நகர்த்தினீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 13

இந்தப் பத்து நாள் பேச்சில் ஒன்றை நான் அழுத்திச் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. கோப்பு ஒரு திசையில்தான் போக வேண்டும்.

ஆட்டோகேடிலிருந்து கோரலுக்கு வந்ததை அங்கே லேசாகத் திருத்தி, திரும்ப ஆட்டோகேடுக்கு அனுப்பி, அங்கிருந்து மறுபடியும் கோரலுக்கு. இதுதான் கடைகளில் நடக்கிறது, இதில்தான் எல்லாம் கெடுகிறது. வட்டம் பெசியே ஆகி, ஸ்ப்லைன் ஆகி, துண்டாகி வந்து நிற்கும். மூடியிருந்த உருவம் இரண்டு முனைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளியோடு திறந்துகொள்ளும். ஒரே கோடு இரண்டு முறை கிடக்கும், லேசர் இரண்டு முறை வெட்டும். ஆட்டோகேடில் ஓவர்கில் என்ற கட்டளை இரட்டைக் கோட்டை நீக்கும், பெடிட் ஜாயின் முனைகளைச் சேர்க்கும், ஆனால் துண்டானது வட்டமாகத் திரும்ப வராது.

அளந்து பொருந்த வேண்டியதை ஆட்டோகேடில் வரையுங்கள்: கதவுச் சட்டம், கீல் ஓட்டை, கோலம். பார்த்து ரசிக்க வேண்டியதைக் கோரலில் வரையுங்கள்: எழுத்து, மயில், இலை. கோரலில் வரைந்தது ஒரே ஒரு முறை டிஎக்ஸ்எஃப்பாகி உள்ளே போகட்டும். திருத்தம் வந்தால் கோரல் மூலக் கோப்பில் திருத்தி மறுபடியும் புதிதாக அனுப்புங்கள், பழையதை அழித்துவிட்டு. வேலை இரட்டிப்பு போலத் தெரியும். ஷீட் விலையோடு ஒப்பிட்டால் அரை மணி நேரம் பெரிதல்ல.

ஜூன் 13, மாலை

“ஆட்டோகேட் வாங்கக் காசில்லை.” நியாயமான கவலை. இப்படிக் கோலம் வரையும் அளவு வேலைக்கு லிப்ரேகேட் போதும், இலவசம். வட்டத்துண்டு, ஆஃப்செட், ட்ரிம் எல்லாம் இருக்கிறது, டிஎக்ஸ்எஃப்பாகவே சேமிக்கும். இங்க்ஸ்கேப்பிலும் ஆர்12, ஆர்14 டிஎக்ஸ்எஃப் எடுக்கலாம். வாடிக்கையாளர் டிடபிள்யூஜி அனுப்பினால் அதை டிஎக்ஸ்எஃப் ஆக்க ஓப்பன் டிசைன் அலையன்ஸின் கன்வெர்ட்டர் இலவசமாகக் கிடைக்கிறது. இல்லஸ்ட்ரேட்டரின் ஏஐ கோப்பு வந்து, அந்த மென்பொருள் உங்களிடம் இல்லையா? பதிப்பு 9-லிருந்து அதன் உள்ளே பெரும்பாலும் பிடிஎஃப்தான். பிடிஎஃப் பொருத்தத்தோடு சேமித்திருந்தால் பெயரின் கடைசியை மட்டும் பிடிஎஃப் என்று மாற்றித் திறந்து பாருங்கள்.

ஜூன் 16

கேள்வி கேட்ட தம்பி கோப்பை எனக்கு அனுப்பியிருந்தார். பார்த்தேன். கோலத்தை லிப்ரேகேடில் வரைந்திருக்கிறார், புள்ளிக்குப் புள்ளி 25 மி.மீ., வளைவெல்லாம் வட்டத்துண்டு. நன்றாக இருக்கிறது, மனதார மகிழ்ச்சி. இரண்டு திருத்தம். கீழ் வரிசையில் இடமிருந்து மூன்றாவது வளைவு நேர்க்கோட்டோடு தொட்டு முடியவில்லை, சிறிய இடைவெளி இருக்கிறது. ஸ்னாப் போட்டு இழுத்துச் சேருங்கள். கோரலிலிருந்து கொண்டுவந்த மயிலின் சிவப்பு அச்சு மைக் கணக்கில் வரும் சிஎம்ஒய்கே சிவப்பு, அது 255, 0, 0 ஆக வந்து சேராது. உங்கள் கட்டிங் கடையில் நிறத்தை வைத்துத்தான் வெட்டு, கீறல் என்று பிரிக்கிறார்கள் என்றீர்கள், ஆகவே கோரலில் திரை நிறக் கணக்கான ஆர்ஜிபி சிவப்பாக மாற்றி மயிலை மட்டும் மறுபடியும் எடுங்கள். 100 மி.மீ. சதுரம் இருக்கிறது, சரி. ஆர்12-ஆகச் சேமித்து அனுப்புங்கள், அளந்து எண்ணைச் சொன்ன பிறகு வெட்டச் சொல்லுங்கள்.